வெறும் ஆறுதல் இல்ல: கறுப்பினப் பெண்களுக்கு இனவெறி ஸ்ட்ரெஸ்ல கூட இருக்கிறவங்க எப்படி உதவுறாங்க

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியிருந்தது இது: "அமெரிக்கால என் டீம்ல ஒரு கறுப்பின அக்கா இருக்காங்க. ஆபீஸ்ல ஏதாவது கசப்பா நடந்தா உடனே தோழிங்களுக்கு போன் போட்டு பேசுறாங்க, மாசம் ஒரு தடவ லேடீஸ் மட்டும் கூடுறாங்க, ஞாயித்துக்கிழமை சர்ச்ச விடவே மாட்டாங்க. இனவெறியால வர்ற ஸ்ட்ரெஸ் இதனால எல்லாம் நிஜமாவே குறையுமா, இல்ல அப்போதைக்கு ஒரு ஆறுதலா? நான் எப்படி அவங்களுக்கு துணையா இருக்கிறது?"

குறையும். அப்போதைய ஆறுதலோட நிக்காம உடம்பு வரைக்கும் போய் வேலை செய்யுது. நான் தாய்சேய் நலம் பக்கம் வேலை பாக்குறவ, இந்த விஷயத்துல வர்ற ஆராய்ச்சிகள படிக்கிறது என் வேலைல ஒரு பகுதி, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். ஆனா எல்லா ஆதரவும் ஒண்ணு கிடையாது, சில வகை ஆதரவு அவங்க பாரத்த இன்னும் கூட்டிடும், அதையும் சேத்து சொன்னாதான் உங்க ரெண்டாவது கேள்விக்கு பதில் வரும்.

முதல்ல அந்த ஸ்ட்ரெஸ் எப்படிப்பட்டதுன்னு பாக்கணும். இனவெறின்னா யாராவது மூஞ்சிக்கு நேரா அசிங்கமா திட்டுறது, போலீஸ் அடிக்கிறதுன்னு பெருசா கண்ணுக்குத் தெரியிறதத்தான் நாம நினைக்கிறோம். ஷெல்லி ஹாரல்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 2000ல எழுதின கட்டுரைல இத வகை பிரிச்சு காட்டினாங்க, பெரிய சம்பவங்க ஒரு பக்கம்னா தினசரி சின்னச் சின்ன அவமானம் இன்னொரு பக்கம், தனக்கு நடக்காட்டியும் தன் ஜனங்களுக்கு நடந்தத பாத்து வர்ற வலி, வீடு வேலை படிப்புன்னு எல்லாத்துலயும் நாள்பட்டு தொடர்ற பற்றாக்குறை, இப்படி போகுது அந்தப் பட்டியல். கடைக்குள்ள போனா செக்யூரிட்டி பின்னாடியே வர்றது, மீட்டிங்ல தான் சொன்ன ஐடியாவ யாரும் காதுல வாங்காம பத்து நிமிஷம் கழிச்சு வேற ஒருத்தர் அதையே சொன்னா "சூப்பர் ஐடியா"ங்கிறது, அத சுட்டிக்காட்டினா "ஏன் இவ்வளவு கோவப்படுறீங்க"ன்னு அவங்களயே கேக்குறது, கேக்காம கொள்ளாம தலைமுடிய தொட்டுப் பாக்குறது. தனித்தனியா பாத்தா ஒவ்வொண்ணும் சின்னதுதான். ஆனா அடுத்தது எங்க இருந்து வரும்னு உடம்பு எப்பவும் உஷாராவே இருக்க வேண்டியிருக்கு, சேதம் நடக்குறது அங்கதான்.

கறுப்பினப் பெண்களுக்கு இதுல இன்னொரு முடிச்சு இருக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி மேல அஞ்சு கறுப்பினப் பெண்கள் போட்ட கேஸ்ல 1976ல ஒரு தீர்ப்பு வந்துச்சு. 1964க்கு முன்னாடி அந்த கம்பெனி கறுப்பினப் பெண்கள வேலைக்கே எடுக்கல, 1970க்கு அப்புறம் சேந்த கறுப்பினப் பெண்கள் எல்லாருக்கும் சீனியாரிட்டி பாத்து நடந்த ஆட்குறைப்புல வேலை போச்சு. கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, பெண்கள வேலைக்கு எடுத்திருக்காங்களே, அப்ப பெண்ங்கிறதுக்காக பாகுபாடு இல்ல (எடுத்தது வெள்ளைக்காரப் பெண்கள), இனப் பாகுபாடுன்னா ஏற்கனவே நடக்குற வேற கேஸோட சேந்துக்கோங்க, ரெண்டையும் ஒண்ணா சேத்து புதுசா ஒரு வகை உண்டாக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. சட்டப் பேராசிரியர் கிம்பர்லி கிரென்ஷா 1989ல இன்டர்செக்ஷனாலிட்டி பத்தி, அதாவது இனமும் பாலினமும் மாதிரி ரெண்டு பாகுபாடு ஒருத்தர் மேலயே சேந்து விழுறத பத்தி எழுதின கட்டுரைல எடுத்து அலசின கேஸ்கள்ல இதுவும் ஒண்ணு.

யோசிச்சுப் பாருங்க, கோர்ட்டே உனக்கு நடந்தத போட எங்ககிட்ட கட்டம் இல்லன்னு சொல்லுது. அப்ப நடந்தது நிஜம்தான், நீயா கற்பனை பண்ணிக்கலன்னு சொல்ல யார் மிச்சம்? அதே பாதைல நடந்த இன்னொரு பெண்தான். ஆதரவோட முதல் வேலை, என்னைக் கேட்டா முக்கியமான வேலையும், இதுதான். கண்ணத் துடைக்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம்.

உடம்புல என்ன ஆகுதுன்னும் சொல்லிடுறேன், ஏன்னா இத மனசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும்னு ஒதுக்குறவங்க நிறைய. மிஷிகன் யுனிவர்சிட்டில இருக்கிற ஆர்லைன் ஜெரோனிமஸ் 1992ல ஒரு விசித்திரமான விஷயத்த எடுத்து வச்சாங்க. வெள்ளைக்காரப் பெண்கள்ல இருபதுகள்ல பிள்ளை பெத்துக்கிறவங்களோட குழந்தைங்கதான் டீன் ஏஜ்ல பெத்தவங்க குழந்தைங்கள விட நல்லா பொழைக்குது, கறுப்பினப் பெண்கள்ல அது தலைகீழா இருந்துச்சு, அதாவது வயசு ஏற ஏற அவங்க உடம்பு சீக்கிரமே தேஞ்சுகிட்டு வருதுன்னு அவங்க விளக்கம் சொன்னாங்க, வெதரிங்னு அதுக்கு பேரு வச்சாங்க. 2006ல அவங்க டீம் பிபி, சுகர், கொலஸ்ட்ரால்னு பல அளவுகள ஒண்ணா சேத்து பாத்தப்ப கறுப்பினப் பெண்களுக்குத்தான் தேய்மானம் அதிகமா இருந்துச்சு, அதுலயும் வறுமைல இல்லாத கறுப்பினப் பெண்களுக்குக் கூட வறுமைல இருக்கிற வெள்ளைக்காரப் பெண்கள விட அதிகம். காசு வந்தா, படிச்சுட்டா சரியாயிடும்ங்கிற பேச்சுக்கு இதுவே பதில்.

இப்ப பேசுறதுக்கு வருவோம். 1990ல நான்சி க்ரீகர் கலிஃபோர்னியால அலமீடா கவுண்டில ஒரு ஆய்வு பண்ணாங்க, அநியாயமா யாராவது நடத்தினா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. விதியேன்னு ஏத்துக்கிட்டு வாய மூடிட்டு இருப்பேன்னு சொன்ன கறுப்பினப் பெண்கள்ல ஹை பிபி இருக்குன்னு சொன்னவங்க, ஏதாவது செய்வேன் மத்தவங்ககிட்ட பேசுவேன்னு சொன்னவங்கள விட 4.4 மடங்கு அதிகம். சின்ன ஆய்வுதான், கறுப்பினப் பெண்கள் 51 பேர்தான், இத வச்சே எல்லாம் முடிவாயிடாது, பேசாததாலதான் பிபி வந்துச்சுன்னு நேரா சொல்லவும் முடியாது. ஆனா அதே ஆய்வுல இருந்த வெள்ளைக்காரப் பெண்கள்கிட்ட இந்த தொடர்பு தெரியல. நீங்க கேட்ட "சும்மா பேசுறதா"ங்கிறதுக்கு இதுக்கு மேல நேரான ஒரு தகவல நான் பாக்கல.

எப்படி வேலை செய்யுதுன்னா, ஷெல்டன் கோஹன், தாமஸ் வில்ஸ்னு ரெண்டு பேர் 1985ல எழுதினது இந்தத் துறைல எல்லாரும் எடுத்து சொல்றது, ஆதரவு இருக்கிறவங்களுக்கும் ஸ்ட்ரெஸ் வரத்தான் செய்யும், ஆனா அந்த ஸ்ட்ரெஸ்க்கும் உடம்புக்கும் நடுவுல ஆதரவு நின்னு அடிய தாங்கிக்குது. ஆபீஸ்ல நடந்தத எடுத்துக்கோங்க. சாயந்தரம் வீட்டுக்கு வந்தும் அது மனசுல ஓடிக்கிட்டே இருக்கும், நான்தான் தப்பா புரிஞ்சுகிட்டனா, குரல உசத்தி பேசிட்டனா, அவர் சாதாரணமாத்தான் சொன்னாரோன்னு திரும்பத் திரும்ப. நடந்தது ரெண்டு நிமிஷம், மனசுல ஓடுறது ரெண்டு நாள், அந்த ரெண்டு நாளும் உடம்பு உஷார்லயே இருக்கு. தோழி போன எடுத்து "ஏய், எனக்கும் போன மாசம் இதேதான் நடந்துச்சு, நீ ஒண்ணும் தப்பா எடுத்துக்கல"ன்னு சொன்ன அந்த நிமிஷம் அந்த ஓட்டம் நிக்குது. அதுக்கு அப்புறம்தான் அடுத்தது, "தேதி போட்டு எழுதி வச்சுக்கோ, மீட்டிங் முடிஞ்சதும் உன் பாயிண்ட மெயில்ல எல்லாருக்கும் அனுப்பு, நாளைக்கு புள்ளைய ஸ்கூல்ல இருந்து நான் கூட்டிட்டு வர்றேன்"னு வழி சொல்றதும் கை கொடுக்குறதும். இல்லினாய் யுனிவர்சிட்டில கறுப்பின மாணவிகள வச்சு ஜியோனி லூயிஸ் டீம் 2013ல வெளியிட்ட ஆய்வுலயும் அவங்க சமாளிக்கிற வழிகள்ல ஒண்ணா இது வந்துச்சு, தன்ன சுத்தியிருக்கிறவங்க மேல சாஞ்சுக்கிறது.

இது நேத்து இன்னிக்கு வந்த பழக்கம் இல்ல, அதனாலதான் உங்க அக்கா அவ்வளவு இயல்பா பண்றாங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச ஒருத்தர் ஜார்ஜியா கில்மோர். அலபாமால மாண்ட்கமரி ஊர்ல, பஸ்ல கறுப்பினத்தவங்கள ஒதுக்கி வச்சத எதிர்த்து 1955 டிசம்பர்ல பஸ் புறக்கணிப்பு ஆரம்பிச்சு 381 நாள் நடந்துச்சு, மார்ட்டின் லூதர் கிங் பேரு எல்லாருக்கும் தெரியும், அவ்வளவு நாள் ஜனங்க வேலைக்கு போய்வர கார் பெட்ரோலுக்கு காசு எங்க இருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்குறதில்ல. கில்மோர் ஒரு ஹோட்டல்ல சமையல் வேலை பாத்தவங்க. அவங்களும் சில பெண்களும் வீட்ல கேக்கு, சர்க்கரவள்ளிக்கிழங்குல பண்ற பைங்கிற இனிப்பு, பொரிச்ச சிக்கன் எல்லாம் பண்ணி வித்து, வந்த காச புறக்கணிப்புக் கூட்டத்துல கொண்டு வந்து கொடுத்தாங்க. யார் பண்ணது யார் வாங்கினதுன்னு தெரிஞ்சா வெள்ளைக்கார முதலாளிங்க வேலைய விட்டு தூக்கிடுவாங்க, அதனால காசு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா எங்கயும் இருந்து வரலன்னுதான் பதில், அந்த குழுவுக்கே 'எங்கிருந்தும் வராத கிளப்'னுதான் பேரு. கோர்ட்ல பஸ் டிரைவர் தன்ன எப்படி நடத்தினார்னு கில்மோர் சாட்சி சொன்னாங்க, வேலை போச்சு, வீட்டு அடுப்பையே தொழிலாக்கிட்டாங்க. வெறுமனே உக்காந்து அழுறதுக்குன்னு கூடின கூட்டம் இல்ல அது, ஒருத்தருக்கொருத்தர் பேரு வெளிய வராம காப்பாத்திக்கிட்டே வேலைய நடத்தினாங்க.

பியூட்டி பார்லரும் அப்படித்தான். கறுப்பினப் பெண்கள் நடத்துற பார்லருக்கு வர்றவங்களும் கறுப்பினப் பெண்கள், வெள்ளைக்கார முதலாளி யாரும் தலைக்கு மேல இல்ல, வேலைய விட்டு எடுத்துடுவேன்னு மிரட்ட முடியாது. சவுத் கரோலைனால பெர்னிஸ் ராபின்சன் பார்லர் நடத்தினவங்க, 1957 ஜனவரில ஜான்ஸ் தீவுல ஓட்டுரிமை வாங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும்ங்கிறதால அத கத்துக்கொடுக்கிற முதல் வகுப்புக்கு அவங்களத்தான் டீச்சரா போட்டாங்க. டீச்சருக்கு படிக்காதவங்க, ஆனா ஜனங்க பேசுறத மணிக்கணக்கா கேட்டுப் பழகினவங்க.

1983ல அட்லாண்டால ஸ்பெல்மன் காலேஜ்ல பைல்லி ஏவரி கறுப்பினப் பெண்கள் உடல்நலத்துக்குன்னே முதல் தேசிய மாநாடு கூட்டினாங்க, கிட்டத்தட்ட 2,000 பேர் வந்தாங்க. அதுல வந்தவங்க தங்களுக்கு நடந்தத வெளிப்படையா பேசுற ஒரு பகுதியும் இருந்துச்சு, பல பேருக்கு வாழ்க்கைல முதல் தடவையா வாய் திறந்து சொன்னது அங்கதான். அதுக்கு அப்புறம் ஊர் ஊரா சின்னச் சின்ன சுய உதவி வட்டங்கள் கிளம்புச்சு. இப்ப உங்க அக்கா மாசாமாசம் போற கூட்டமும் இந்த வம்சத்துலதான் வருது. 2010ல ஆரம்பிச்ச கேர்ல்ட்ரெக்ங்கிற கறுப்பினப் பெண்கள் அமைப்பும் அப்படித்தான், அவங்க சேந்து நடக்குறாங்க, தினம் அரை மணி நேரம்.

பொது இடத்துல நடந்த ஒரு உதாரணமும் இருக்கு. 1991ல அனிட்டா ஹில் செனட் முன்னாடி உக்காந்து, தனக்கு முன்ன மேலதிகாரியா இருந்த, அப்ப சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் பதவிக்கு முன்மொழியப்பட்டிருந்த கிளாரன்ஸ் தாமஸ் மேல பாலியல் தொல்லை புகார் சொன்னாங்க, கேள்வி கேட்ட கமிட்டில இருந்த எல்லாரும் வெள்ளைக்கார ஆம்பளைங்க. அடுத்த மாசம் நியூயார்க் டைம்ஸ்ல ஒரு முழு விளம்பரம் வந்துச்சு, அடில 1,603 கறுப்பினப் பெண்களோட பேரு, காசு அவங்களே போட்டது. நாங்க நம்புறோம்னு பேரு போட்டு சொல்றதுதான் அந்த ஆதரவு.

எனக்கு கிட்டக்க தெரிஞ்ச ஒண்ணு, குரூப்பா நடக்குற கர்ப்பகால செக்கப். ஷரான் ரைசிங்ங்கிற நர்ஸ் மிட்வைஃப் (பிரசவம் பாக்குற நர்ஸ்) 1990கள்ல கொண்டு வந்தது. கிட்டத்தட்ட ஒரே மாசத்துல பிரசவம் இருக்கிற எட்டு பத்து பெண்கள் ஒண்ணா வருவாங்க, வந்ததும் அவங்கவங்களே எடை பாத்து, பிபி மெஷின கைல மாட்டி பாத்து நம்பர தன் ஃபைல்ல எழுதுவாங்க, ஓரமா விரிச்சிருக்கிற பாய்ல மிட்வைஃப் ஒவ்வொருத்தரா வயித்த பாப்பாங்க, அப்புறம் எல்லாரும் வட்டமா நாற்காலி போட்டு ஒன்றரை ரெண்டு மணி நேரம் பேச்சு. நான் உக்காந்திருந்த ஒரு வட்டத்துல ஒரு பொண்ணு, கால் வீங்கியிருக்கு, மண்டை வலிக்குது, போன வாரம் எமர்ஜென்சிக்கு போனேன், எல்லாம் நார்மல்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு மெதுவா சொன்னா. பக்கத்துல இருந்த வயசுல மூத்தவங்க அவ கைய பிடிச்சு, "எனக்கும் முதல் பிரசவத்துல அதேதான் சொன்னாங்க, உன் நம்பர் எவ்வளவு காட்டு, இது நார்மல் இல்ல, இன்னிக்கே திரும்பப் போ, நானும் வர்றேன்"னாங்க. நம்பிக்கை, தகவல், துணை மூணும் அந்த ஒரு பேச்சுல வந்துடுச்சு. மிட்வைஃப் அங்கயே திரும்ப பிபி எடுத்து அவள அனுப்பி வச்சாங்க.

இதுக்கு ஆராய்ச்சியும் உண்டு. நியூ ஹேவன்லயும் அட்லாண்டாலயும் 1,047 பெண்கள வச்சு பண்ணி 2007ல வெளிவந்த ஆய்வுல, குரூப்ல இருந்த கறுப்பினப் பெண்கள்ல குறைப்பிரசவம் 10 சதவீதம், தனியா செக்கப் போனவங்கள்ல 15.8 சதவீதம். இதோட நிறுத்தினா நல்லாத்தான் இருக்கும், ஆனா சவுத் கரோலைனால 2,300 பேருக்கு மேல வச்சு பின்னாடி பண்ண ஆய்வுல மொத்தத்துல அந்த அளவு வித்தியாசம் வரல. அதனால இத மருந்து மாதிரி எல்லாருக்கும் ஒரே டோஸ்ல வேலை செய்யும்னு நான் சொல்ல மாட்டேன், அந்த வட்டத்துல யார் யார் இருக்காங்க, எத்தனை தடவ வர முடிஞ்சுது, இதெல்லாம் சேந்துதான் பலன்.

நம்ம பக்கம் தொட்டு ஒரு விஷயம். கமலா ஹாரிஸோட அம்மா சியாமளா கோபாலன் தமிழ்நாட்டுக்காரங்கன்னு நாம எல்லாரும் பெருமையா சொல்றோம். பெர்க்லில ரெண்டு பெண் குழந்தைங்கள தனியா வச்சுக்கிட்டு, லேப் வேலைக்கும் போயிட்டு அவங்க சமாளிச்சது கீழ் வீட்ல நர்சரி நடத்தின ரெஜினா ஷெல்டன்ங்கிற கறுப்பினப் பெண்மணியாலதான். பிள்ளைங்க ஸ்கூல் விட்டு அங்கதான் போகும், சாப்பாடு அங்க, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கும் அவங்க கூட. 2021 ஜனவரி 20ம் தேதி கமலா துணை ஜனாதிபதியா பதவி ஏத்தப்ப கை வச்சது அந்த ஷெல்டன் அம்மாவோட பைபிள் மேலயும்தான். தான் பெறாத பிள்ளைய தன் பிள்ளையா பாத்துக்கிறது கறுப்பினச் சமூகத்துல காலங்காலமா இருக்கிற ஏற்பாடு, நம்ம கொண்டாட்டத்துல அந்த அம்மா பேரையும் சேத்து சொல்றதுதான் நியாயம்.

சரி, ஆதரவு எங்க பாரமா மாறுது? செரில் உட்ஸ் கிஸ்கோம்பேங்கிற நர்சிங் பேராசிரியர் 2010ல சூப்பர்வுமன் ஸ்கீமானு ஒண்ணு சொன்னாங்க, எப்பவும் திடமா காட்டிக்கணும், உணர்ச்சிய அடக்கணும், யார்கிட்டயும் கை நீட்டக் கூடாது, எதுவும் இல்லாட்டியும் ஜெயிச்சு காட்டணும், எல்லாருக்கும் நாமதான் ஓடணும், இப்படி அஞ்சு. பெர்க்லில அமானி ஆலன் டீம் சான் பிரான்சிஸ்கோ பக்கம் 208 கறுப்பினப் பெண்கள்கிட்ட இத வச்சு பாத்து 2019ல வெளியிட்டாங்க, அதுல எனக்கே ஆச்சரியமா இருந்தது என்னன்னா, திடமா காட்டிக்கிறதும் உணர்ச்சிய அடக்குறதும் பாகுபாட்டால உடம்புக்கு வர்ற தேய்மானத்துக்கு ஓரளவு தடுப்பா இருந்திருக்கு, ஆனா எப்படியாவது ஜெயிக்கணும்ங்கிற வெறியும் எல்லாருக்கும் உதவியே ஆகணும்ங்கிற கட்டாயமும் அந்த தேய்மானத்த கூட்டியிருக்கு. அதாவது சர்ச்சுல, குடும்பத்துல, தோழிங்க நடுவுல எல்லாரும் அழுற தோள் ஒருத்தரோடதா இருந்து, அவங்க சாய தோள் இல்லன்னா, வெளிய பாத்தா பெரிய உறவு வட்டம், உள்ள அதுவே இன்னொரு ட்யூட்டி. பொறுத்துக்கோ ஜெபம் பண்ணுன்னு மட்டும் சொல்லி அனுப்புற சர்ச்சும், "நீதான் ஸ்ட்ராங் ஆச்சே"ன்னு முடிச்சுடுற சொந்தமும் அந்த வகைதான்.

இன்னொரு எல்லையும் இருக்கு, இதையும் சொல்லியாகணும். ஷாலன் இர்விங்ங்கிற கறுப்பினப் பெண் அட்லாண்டால சிடிசில, அதாவது அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு மையத்துல எபிடெமியாலஜிஸ்ட் (நோய் யாருக்கு எப்படி வருதுன்னு ஆராயுறவங்க), பிஎச்டி முடிச்சவங்க, உடம்புல சமத்துவமின்மை எப்படி இறங்குதுங்கிறதயே படிச்சவங்க. நல்ல இன்சூரன்ஸ், உயிரையே கொடுக்கிற அம்மா, தோழிங்க, எல்லாம் இருந்துச்சு. 2017 ஜனவரில பிரசவமாகி மூணு வாரத்துல, திரும்பத் திரும்ப டாக்டர்கிட்ட போயும், பிபி சிக்கல்ல இறந்துட்டாங்க, வயசு 36. அவங்க அம்மா வாண்டா இர்விங் இன்னிக்கும் அதுக்காகப் போராடிக்கிட்டு இருக்காங்க. 2023 கணக்குப்படி அமெரிக்கால ஒரு லட்சம் பிரசவத்துக்கு கறுப்பினத் தாய்மார்கள் 50.3 பேர் சாகுறாங்க, வெள்ளைக்காரங்க 14.5. ஆதரவு தாங்கிப் பிடிக்கும், ஆனா எதிர்ல உக்காந்திருக்கிற டாக்டர் காது கொடுக்கலன்னா தோழிங்க வட்டம் எவ்வளவு பெருசா இருந்தாலும் பத்தாது. அதனால அவங்ககிட்ட நல்ல சப்போர்ட் இருக்கேன்னு சொல்லி ஆபீஸும் ஹாஸ்பிட்டலும் தன் பங்க கழட்டி விடுறத நான் ஒத்துக்கவே மாட்டேன்.

இப்ப நீங்க என்ன பண்றதுன்னு கேட்டீங்க. அவங்க தோழிங்க வட்டத்துக்குள்ள நுழையப் பாக்காதீங்க, அங்க எதையும் விளக்காம பேச முடியுதுங்கிறதுதான் அதோட பலமே. உங்ககிட்ட ஏதாவது சொன்னா "அவர் அப்படி நினைச்சு சொல்லியிருக்க மாட்டார்"ங்கிற வார்த்தை மட்டும் வாயில வரக்கூடாது, நல்ல மனசோட சொன்னாலும் அது நான்தான் தப்பா புரிஞ்சுகிட்டனாங்கிற அந்த மனசு ஓட்டத்த மறுபடி ஸ்டார்ட் பண்ணி விடுறது, நமக்கும் வெளிநாட்டுல நடக்குறதுதான்னு உடனே நம்ம கதைய ஆரம்பிக்கிறதும் அப்படியே. நம்மாளுங்க பேச்சுல கறுப்பினத்தவங்கள பத்தி வர்ற இளக்காரம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும், அத வீட்லயும் நம்ம வாட்ஸ்அப் குரூப்லயும் தட்டிக் கேளுங்க, அவங்களுக்குத் தெரியாட்டியும் பரவால்ல. மீட்டிங்ல அவங்க பாயிண்ட வேற யாராவது தன்னோடதா சொன்னா அங்கயே, அந்த நிமிஷமே, "இது இவங்க முன்னாடியே சொன்னது, அவங்களே முழுசா சொல்லட்டும்"னு சொல்லுங்க, பின்னாடி தனியா வந்து வருத்தப்படுறதால அவங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. எல்லார் வேலையும் அவங்க தலையில விழுதான்னு பாருங்க, விழுந்தா கேக்காமயே ஒண்ண எடுத்துக்கோங்க. அப்புறம் என்னிக்காவது அவங்க ஹெச்ஆர்ல புகார் கொடுத்தா, நீங்க கண்ணால பாத்தத தேதியோட எழுதி உங்க பேர்லயே கொடுங்க.